36 படம், நூறு வண்டி

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு வாசலில் கூடிய பழைய மோட்டார் சைக்கிள் கண்காட்சியைப் பற்றியும், அதை பிலிம் கேமராவில் எடுத்தது பற்றியும் எழுதியிருந்தேன். சமையல் குறிப்புப் பக்கத்துக்கு வரும் அளவுக்குக் கடிதங்கள் வந்துவிட்டதாக ஆசிரியர் சொல்கிறார். அவர் குரலில் மகிழ்ச்சியைவிடத் திகைப்பே அதிகம். காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாணப் படம் எடுத்துப் பிழைத்தவன் நான். மோட்டார் நிபுணன் அல்ல. ஆனால் கல்யாண வீட்டு மாப்பிள்ளையை எடுப்பதற்கும் கண்காட்சி வண்டியை எடுப்பதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது. இருவரையுமே அன்றைக்கு அளவு மீறித் துடைத்து நிறுத்தியிருப்பார்கள்.

கல்லூரி மாணவர், தேவகோட்டை: அடுத்த கண்காட்சிக்கு அண்ணனின் பழைய பென்டாக்ஸ் கே 1000 கேமராவோடு போகிறேன். கையிலிருக்கும் காசுக்கு 36 படம் எடுக்கும் ரோல் ஒன்றே ஒன்றுதான். எந்த பிலிம் வாங்குவது, அதை எப்படிச் செலவு செய்வது?

தம்பி, கேமராவைப் பற்றிக் கவலை வேண்டாம். 1976 முதல் 1997 வரை தயாரான கே 1000, பாட்டரி தீர்ந்தாலும் படம் எடுக்கும். பாட்டரி, வெளிச்சத்தை அளக்கும் அதன் மீட்டர் முள்ளுக்கு மட்டும்தான். அந்த மீட்டரை அணைக்கப் பொத்தான் கிடையாது. படம் எடுக்காத நேரத்தில் லென்ஸ் மூடியைப் போட்டு வையுங்கள்.

பிலிம் 400 வேகத்தில் வாங்குங்கள்; வேகம் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும். கலர் என்றால் கோடக் அல்ட்ராமேக்ஸ், கறுப்பு வெள்ளை என்றால் இல்ஃபோர்டு எச்.பி.5. நம் பக்கத்து வீடுகளின் வெளிச்சம்தான் காரணம். தெருவில் பதினோரு மணி வெயில் கொளுத்தும். நான்கு படி ஏறினால் திண்ணை நிழல். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் பட்டாலையில் அரை இருட்டு. மீட்டர் இல்லாமலே சொல்கிறேன்: 400 பிலிமுக்கு வெயிலில் லென்ஸ் துளை எஃப் 16, ஷட்டர் 500, அதாவது ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்). திண்ணை நிழலில் அதே ஷட்டருக்கு எஃப் 5.6. பட்டாலைக்குள் எஃப் 2, ஷட்டர் 30, தூணில் தோளைச் சாய்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு. 100 வேக பிலிமோடு போனால் வீட்டுக்குள் வேலையில்லை. சந்தேகம் வந்தால் வெளிச்சத்தைக் கூடுதலாகவே கொடுங்கள். நெகட்டிவ் பிலிம் ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் அதிகமானால் தாங்கிக்கொள்ளும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு); குறைந்தால் தாங்காது. நிழலில் பதியாமல் போனதை எந்த ஸ்கேனரும் மீட்டுத் தராது.

இனி செலவுக் கணக்கு. நூறு வண்டி நிற்கும். வண்டிக்கு ஒன்று என்று வரிசையாக எடுத்துக்கொண்டு போனால், மூன்றில் ஒரு பங்கு வண்டியோடு ரோல் தீர்ந்துவிடும். கையில் கிடைப்பது விலைப்பட்டியல். அதனால் கண்காட்சி தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள். திருச்சி சாலையிலிருந்து பிரிந்து கானாடுகாத்தானுக்குள் நுழையும் வழியில் விடிந்ததும் நின்றால், வண்டிகள் தூசியோடும், பின்னால் கட்டிய பையோடும், ஓட்டி வந்தவரின் கலைந்த தலையோடும் வரும். ரோலில் கால் பங்கை அங்கேயே செலவழிக்கலாம். பிறகு ஒரு மணி நேரம் துடைப்பு நடக்கும்: கறுத்த விரல்கள், கிழிந்த பனியன் துணி, கார்புரேட்டரின் சின்ன ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதிப் பார்க்கும் மெக்கானிக். கண்காட்சியின் உயிர் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு சிறப்பு விருந்தினர் வந்து ரிப்பன் வெட்டுவார். அப்போது கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். நடுப்பகல் வெயிலில் டேங்கின் மேல்பக்கம் வெளுத்துப்போகும், என்ஜின் இருக்கும் இடம் கரிக்கட்டையாகிவிடும். மாலை நான்கரைக்கு மேல், கிளம்ப மறுக்கும் ஒரு வண்டியை மூன்று பேர் தள்ளுவார்கள். அதற்குக் கட்டாயம் ஐந்தாறு படம் மிச்சம் வைத்திருங்கள். தள்ளிக் கிளப்பாத கண்காட்சியை நான் இதுவரை பார்த்ததில்லை.

வாசகி, கண்டனூர்: அப்பச்சியின் ஜாவா மோட்டார் சைக்கிளைப் படம் எடுத்தேன். குரோம் டேங்கில் நானும் என் கேமராவும் பின்னால் நின்ற ஐஸ் வண்டியும் தெரிகிறோம். போலரைசர் ஃபில்டர் போட்டால் போய்விடும் என்கிறார் தம்பி. வாங்கலாமா?

போகாது. காசைச் சேமியுங்கள். பெயின்ட்டிலும் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி, ஒரு குறிப்பிட்ட சாய்வில் பார்க்கும்போது, பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். போலரைசர் அதைத் தடுத்து நிறுத்தும். வெற்று உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளிக்கு அந்தக் குணம் மிகக் குறைவு. ஆகவே உங்கள் ஜாவாவின் மெரூன் பெயின்ட் ஆழ்ந்து தெரியும். பக்கத்திலிருக்கும் குரோம் பகுதியில் ஐஸ் வண்டி அப்படியே நிற்கும். போதாக்குறைக்கு ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தையும் ஃபில்டர் விழுங்கிவிடும்.

குரோம் ஒரு கண்ணாடி. அதில் தெரிவதைத்தான் எடுக்க முடியும். எனவே என்ன தெரிய வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். என் பையில் எப்போதும் ஒரு எட்டு முழ வேட்டி இருக்கும். சும்மா நிற்கும் இரண்டு இளைஞர்களைக் கூப்பிட்டு, வண்டிக்கு எதிரே, படத்தில் விழாதபடி அதை விரித்துப் பிடிக்கச் சொல்வேன். டேங்க் முழுவதும் பால் வெள்ளையாக, விளிம்பில் மட்டும் ஒரு கறுப்புக் கோட்டோடு வரும். வேட்டி இல்லையென்றால் செட்டிநாட்டு வீட்டின் சுண்ணாம்புச் சுவர் இருக்கிறது. மெருகேற்றிய அந்த வெள்ளைச் சுவரை நோக்கி வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் கொஞ்சம் நீண்ட லென்ஸோடு சாய்வாகத் தள்ளி நில்லுங்கள். குரோமில் சுவர்தான் தெரியும், நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். வெள்ளைச் சுவரையும் குரோமையும் காட்டினால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். கறுப்பு புல்லட்டைக் காட்டினால் ஏற்றிவிடும். வண்டி இருக்கும் அதே வெளிச்சத்தில் உள்ளங்கையை நீட்டி அளந்து, அதற்கு மேல் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். சுவரும் சரியாக வரும், புல்லட்டும் சரியாக வரும்.

குரோம் என்று பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். நாம் பார்க்கும் பளபளப்பில் பெரும்பங்கு குரோமியத்துடையது அல்ல, அதன் அடியிலிருக்கும் நிக்கலுடையது. மேலே உள்ள குரோமியப் படலம் ஒரு மைக்ரானைவிட மெல்லியதாகக்கூட இருக்கும். நிக்கல் மங்காமல் காப்பதுதான் அதன் முக்கிய வேலை. 1920களின் இறுதிக்கு முந்தைய வண்டிகளில் நிக்கல் முலாம்தான். கலர் பிலிமில் பார்த்தால் நிக்கல் சற்று மஞ்சளோடும், குரோம் சற்று நீலத்தோடும் விழும். மிகப் பழைய வண்டி என்று சொல்லி நீலப் பளபளப்போடு ஒன்றை நிறுத்தியிருந்தால், முலாம் பின்னாளில் போட்டது என்று தெரிந்துகொள்ளலாம். முலாம் பூசும் அறிவியலுக்குக் காரைக்குடிக்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் ஊரில்தான் இருக்கிறது. அதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த மதிலைத் தாண்டிப் போகும் பையன்களில் எத்தனை பேருக்குத் தங்கள் சைலன்சரின் மினுக்கத்துக்கும் உள்ளே நடக்கும் வேலைக்கும் உள்ள உறவு தெரியும்?

வாசகர், திருமயம்: டிஜிட்டலில் எடுத்துவிட்டு பிலிம் போல மாற்றிக்கொள்ளலாமே?

தாராளமாக. பழைய வண்டி ஓட்டவேண்டும் என்று தோன்றினால், புது வண்டியில் ஏறிக்கொண்டு செல்பேசியில் புல்லட் சத்தத்தை ஓடவிடலாம்.

ஆச்சி ஒருவர், பள்ளத்தூர்: அடுத்த முறை எங்கள் வீட்டு முகப்பிலும் வளவிலும் வண்டிகளை நிறுத்திக்கொள்ளக் கேட்கிறார்கள். பிள்ளைகள் சரி என்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் போட்ட தரை. கொடுக்கலாமா?

ஆச்சி, வாசலையும் முன்வெளியையும் கொடுங்கள். முற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் கொடுப்பதென்றால் நிபந்தனையோடு கொடுங்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணம் கலந்த சிமென்ட்டை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடியில் படிந்திருந்த முகம்தான் நீங்கள் நடக்கும் முகம். அதனால் அது எண்ணெயைக் குடிக்கும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் மினுங்குகிறதே என்று கேட்பீர்கள். அது வேறு; என்ஜினில் வெந்து கறுத்த எண்ணெய் இறங்கினால் பூ வேலைக்குள் கறை தங்கிவிடும். பழைய ஆங்கிலேய வண்டிகள் எண்ணெய் சொட்டுவதை அவற்றின் சொந்தக்காரர்கள் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பெருமை உங்கள் தரையில் இறங்க வேண்டாம்.

வண்டிக்கு அடியில் தகரத் தட்டு, அதன் கீழ் கோணிச் சாக்கு. சைடு ஸ்டாண்டுக்கு அடியில் கட்டாயம் பலகைத் துண்டு. முழு எடையும் ஒரு ரூபாய் நாணயம் அளவு இரும்பில் நிற்கும், கல் விரிசல் விட்டுவிடும். உள்ளே என்ஜினைக் கிளப்பக் கூடாது. கறை பட்டுவிட்டால் ஆசிட் ஊற்றித் தேய்க்க யாராவது வருவார்கள், அவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். சிமென்ட்டை ஆசிட் அரித்துவிடும். இதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வருத்தப்பட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

கொடுத்தால் படம் எடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம்தான். முற்றத்தின் திறந்த வானவெளியிலிருந்து இறங்கும் வெளிச்சம் போல ஒரு வெளிச்சத்தை எந்த ஸ்டூடியோ விளக்கிலும் நான் செய்து காட்டியதில்லை. பர்மா தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலில் வந்து சேர்ந்த வீட்டில், பர்மிங்ஹாமில் பிறந்த பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்பதில் பொருத்தமும் இருக்கிறது.

வாசகர், புதுக்கோட்டை: கண்காட்சியில் பாதி புல்லட்தான். எல்லாம் ஒன்றுபோலத் தெரிகின்றன. எதைப் பார்ப்பது, எதை எடுப்பது?

முதலில் கால்களைப் பாருங்கள். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புது வண்டி ஓட்டிப் பழகியவர் அதில் ஏறினால் முதல் திருப்பத்திலேயே முகம் மாறும். படத்துக்கு நல்ல முகம். அடுத்து ஹெட்லைட். விளக்கையும் வேக மீட்டரையும் ஒரே கூட்டில் அடக்கி, மேலே இரண்டு பக்கமும் கண்போல இரு சின்ன விளக்குகள் வைத்த அமைப்பு 1954இல் வந்தது. அந்தச் சின்ன விளக்குகளின் கண்ணாடி அசலா என்பதை வைத்தே சொந்தக்காரர் எவ்வளவு அலைந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

இந்த வண்டியின் கதை பாதி நம்முடையது. எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். ரெட்டிச் ஆலை மூடிய பிறகும் திருவொற்றியூரில் புல்லட் பிறந்துகொண்டிருந்தது. ஆகவே ‘இங்கிலாந்து வண்டி’ என்று அறிவிப்புப் பலகை எழுதி வைப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு.

எடுப்பதற்கு: கிக் அடிக்கும் சடங்கைத் தொடர்ச்சியாக எடுங்கள். மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்ப்மீட்டர் முள்ளைப் பார்த்தபடி கிக்கரை மெதுவாக இறக்குவார்கள். முள் நடுவுக்கு வந்ததும் சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் ஒரு துளி இறக்கி, விட்டு, ஒரே உதை. பார்வை முழுவதும் அந்த முள்ளில் இருக்கும். உங்களைக் கவனிக்கவே மாட்டார்கள். மனிதர்கள் கேமராவை மறக்கும் கணம் கண்காட்சியில் அரிது.

இன்னொன்று, சத்தத்தை எடுப்பது. சிரிக்க வேண்டாம். பொழுது இறங்கி, விளக்கு வைக்கும் நேரத்தில் கேமராவை முக்காலியில் வையுங்கள். எஃப் 8 அளவில் ஷட்டரை எட்டில் ஒரு நொடிக்கு இறக்குங்கள். புல்லட் நின்ற இடத்தில் துடித்துக்கொண்டிருக்கட்டும். சுவரும் தூணும் கூர்மையாக நிற்கும். முன் மட்கார்டும் நம்பர் பிளேட்டும் மட்டும் நடுங்கிப் பதியும். அந்தப் படத்தைப் பார்த்த ஒரு பெரியவர், ‘பிளக்கில் பொறி விழும் டைமிங் கொஞ்சம் முன்னால் இருக்கிறது, சரி பார்க்கச் சொல்லுங்கள்’ என்றார்.

வாசகர், புதுவயல்: யமஹா ஆர்.எக்ஸ்.100 வண்டியைக் கொண்டுவந்தவரைச் சிலர் கேலி செய்தார்கள். அது கண்காட்சி வண்டியா, இல்லையா?

சட்டத்தைக் கேட்டால், இன்னும் இல்லை. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் பெரிதாக மாறாமல் இருக்கும் சொந்த உபயோக வண்டிக்குத்தான் ‘விண்டேஜ்’ தகுதி. நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். சந்தைக்குப் போக முடியாது. 1985இல் வந்த ஆர்.எக்ஸ்.100 அந்தக் கணக்கில் 2035 வரை காத்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், கேலி செய்தவர்களுக்கு முன்னால் அதைத்தான் எடுப்பேன். அன்றைக்கு அந்த வண்டியைச் சுற்றி நின்ற கூட்டம் பி.எஸ்.ஏ. பக்கம் இல்லை. பி.எஸ்.ஏ.யை எல்லோரும் மரியாதையோடு பார்த்தார்கள், ஆர்.எக்ஸ்.100ஐப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு பழைய கதை சொன்னார்கள்.

வாசகர், கோட்டையூர்: இந்தப் புகை கக்கும் பழைய இரும்பையெல்லாம் கொண்டாடுவது பொறுப்பான செயலா?

புகையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஜாவா, எஸ்டி, ராஜ்தூத் எல்லாம் இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின்கள். ஜாவாவில் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்தே டேங்கில் ஊற்ற வேண்டும், ஆர்.எக்ஸ்.100 தனி டேங்கிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் எண்ணெய் எரியத்தான் செய்யும், எரியாத பெட்ரோலில் ஒரு பகுதி அப்படியே சைலன்சர் வழியே வெளியேறவும் செய்யும். இவை அன்றாடம் தெருவில் ஓட வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். மைசூரில் 1961 முதல் ஜாவா செய்த ஆலை 1996இல் மூடியது, ஆர்.எக்ஸ்.100 நின்றதும் அதே ஆண்டுதான். எஞ்சியவை ஆண்டுக்குச் சில காலைகள் ஓடுகின்றன. கண்காட்சியை ஒட்டி அத்தனை பேர் காரில் வந்தார்களே, அந்தப் புகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு எழுதுங்கள், பேசுவோம்.

பதினொன்றாம் வகுப்பு மாணவி, காரைக்குடி: ஐயாவின் பீரோவில் ‘ஆக்ஃபா கிளிக் III’ என்ற கேமரா கிடைத்தது. வேலை செய்யுமா? கண்காட்சிக்கு எடுத்துப் போகலாமா?

எடுத்துப் போகலாம், ஆத்தா. ஆனால் உடனே திறந்துவிடாதே. பின்பக்கம் ஒரு சின்னச் சிவப்பு ஜன்னல் இருக்கும். அதில் எண் ஏதாவது தெரிந்தால் உள்ளே பிலிம் இருக்கிறது என்று பொருள். அப்படியானால் சாவியைச் சுற்றிக் கடைசி வரை சுருட்டி, விளக்கில்லாத அறையில் எடுத்துக் கறுப்புக் காகிதத்தில் பொதிந்து வை. ஐயா எடுத்த படங்கள் மங்கலாகவாவது அதில் இருக்கக்கூடும். எத்தனையோ ஆண்டு கழித்துக் கழுவியும் முகங்கள் வந்ததுண்டு. அது ஊட்டியில் செய்த ‘இந்து’ பிலிமாகக்கூட இருக்கலாம். 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை நம் நாட்டுக்கே கறுப்பு வெள்ளை பிலிம் கொடுத்தது. இப்போது மூடிக் கிடக்கிறது.

உள்ளே எதுவும் இல்லையென்றால், 120 அளவு பிலிம் இன்றும் விற்கிறார்கள். ஒரு ரோலில் சதுரமாகப் பன்னிரண்டு படம். மிக எளிய கேமரா அது. வெயிலில் மட்டும் எடு, வீட்டுக்குள் வேண்டாம். வண்டியை நெருங்கிப் போகாமல் முழு வண்டியும் ஓட்டுபவரும் அடங்கும் தூரத்தில் நில். பொத்தானை அழுத்தும்போது கேமரா குலுங்கத்தான் பார்க்கும். வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள். ஒரு படம் எடுத்ததும் உடனே அடுத்த எண்ணுக்குச் சுற்றிவிடு, இல்லையென்றால் இரண்டு வண்டி ஒரே படத்தில் விழும். ஐயாவின் கேமரா என்று சொன்னால் போதும், அங்கே இருக்கும் வண்டிக்காரர்கள் எல்லோரும் உனக்காக வண்டியை நகர்த்தி வைப்பார்கள்.

வாசகர், சிங்கப்பூர் (சொந்த ஊர் ராயவரம்): ஊருக்கு வரும்போது பிலிம் கொண்டு வரலாமா? விமான நிலைய எக்ஸ்ரே கெடுத்துவிடுமாமே?

பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாது. அந்த எக்ஸ்ரே பலமானது. கைப்பையில் வைத்தாலும், இப்போது பல நிலையங்களில் வைத்திருக்கும் சி.டி. ஸ்கேனர் எந்த வேக பிலிமையும் பாதிக்கும். டப்பாக்களைக் கழற்றி, உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையில் போட்டு, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். சில இடங்களில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இதையெல்லாம்விடச் சுலபம், இங்கே வாங்கி, இங்கே எடுத்து, இங்கேயே கழுவி, நெகட்டிவாகக் கொண்டு போவது. கழுவிய நெகட்டிவை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது. சித்திரை, வைகாசியில் வந்தால் பிலிமைப் பூட்டிய காருக்குள் மட்டும் விட்டுவிட வேண்டாம். குளிர்பெட்டியில் வைத்திருந்தால், எடுத்து ஒரு மணி நேரமாவது வெளியே வைத்துவிட்டுப் பிறகு டப்பாவைத் திறங்கள். இல்லையென்றால் உள்ளே வேர்த்துவிடும்.

வாசகர், குன்றக்குடி: கழுவுவதற்கு ஊரில் கடையே இல்லையே. வீட்டில் செய்ய முடியுமா?

கலரை அஞ்சலில் சென்னைக்கு அனுப்புங்கள். கறுப்பு வெள்ளையைக் கட்டாயம் வீட்டிலேயே செய்யுங்கள். பிலிம் கழுவும் டேங்க், ஒளி புகாத கறுப்புப் பை, படத்தை வெளிக்கொண்டுவரும் டி-76 டெவலப்பர், அதை நிலைநிறுத்தும் ஃபிக்சர், ஒரு தெர்மாமீட்டர், இவ்வளவுதான். இருட்டறைகூட வேண்டாம், பிலிமைச் சுருளில் ஏற்ற மட்டும் கறுப்புப் பை.

நம் ஊரில் ஒரு விசித்திரம் உண்டு. கறுப்பு வெள்ளைக்கு டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. கோடையில் நம் மாடித் தொட்டித் தண்ணீர் 30ஐத் தாண்டி நிற்கும். ஐஸ் வைத்துத்தான் இறக்க வேண்டும். கலருக்கோ 38 டிகிரி வேண்டும். குளிர் நாட்டுக்காரர்கள் அதற்குத் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள், நமக்குச் சித்திரை மதியத்தில் பாதி வேலை முடிந்திருக்கும். ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள் போடாதீர்கள், கரைந்து நீர்த்துப்போகும். வெளியே ஒரு வாளியில் போட்டு, அதற்குள் பாத்திரத்தை இறக்குங்கள். டெவலப்பர், ஃபிக்சர், கழுவும் தண்ணீர் மூன்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கட்டும். குளிர்ந்ததிலிருந்து சூட்டுக்குத் திடீரென்று மாற்றினால் பிலிமின் மேல் பூச்சு சுருங்கி வலைபோல வெடிக்கும். போர்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் கடைசி அலசலுக்கு மட்டும் வடிகட்டிய தண்ணீர். உலர்த்த, குளியலறைதான் வீட்டிலேயே தூசி குறைந்த இடம். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆசிரியை, அறந்தாங்கி: என் புல்லட்டைக் கண்காட்சிக்கு ஓட்டிப் போனால், ‘கணவர் வண்டியா?’ என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில் சொல்ல வேண்டாம். முள்ளை நடுவுக்குக் கொண்டு வந்து, லீவரைப் பிடித்து, ஒரே உதையில் கிளப்புங்கள். கேட்டவர் தன் வண்டியை அப்படிக் கிளப்பட்டும் பார்ப்போம். அப்போது என்னையும் கூப்பிடுங்கள், கேமராவில் பிலிம் மிச்சம் வைத்திருப்பேன்.

வாசகர், அரியக்குடி: ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். புல்லட்டா, ஜாவாவா?

என் வீட்டில் நிற்பது ஜாவா. பக்கத்து வீட்டு அண்ணனிடம் இருப்பது புல்லட். மழைக்காலக் காலைகளில் என் வண்டியைத் தள்ளிவிட அவர் வருகிறார். அவருடையதைத் தள்ள நான் போகிறேன். இந்த ஏற்பாட்டைக் கெடுக்கும் எந்தப் பதிலையும் அச்சில் தருவதாக இல்லை.